லண்டன் மாமாவின் விலாசம்

தம்பி,

மூன்று தரம் கேட்டுவிட்டாய். முதல் தரம் நீ படிக்கிற ஆஹெனில் இருந்து போனில் கேட்டாய். விலாசக் கொப்பியைத் தேடுகிறேன் என்றேன். இரண்டாம் தரம் இங்கே எசனில் என் முன்னால் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு கேட்டாய். கொப்பி நிலவறையில் கிடக்கிறது என்றேன். மூன்றாம் தரம் நீயே நிலவறைக்கு இறங்கிப் போய், என் பழைய கடிதக் கோப்புகளை எல்லாம் கிளறி, தும்மிக்கொண்டு ஏறி வந்தாய். "அப்பா, எல்லா ஓர்ட்னரும் பார்த்திட்டன். லண்டன் மாமான்ரை பேரே ஒரு இடத்திலையும் இல்லை" என்றாய். நான் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்தேன். ஓம் ராசா, இல்லை. லண்டன் மாமாவுக்கு விலாசம் இல்லை. அவன் லண்டனிலும் இல்லை. அவன் அங்கே போய்ச் சேர்ந்தான் என்று இந்த உலகத்தில் சொன்ன ஒரே ஆள் நான்தான். அது பொய்.

இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். அரசியல் என்றால் வாய் ஓயாது, பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எவனாவது எழுந்து நின்றால் நான் இங்கே கதிரையை விட்டு எழுந்து நின்று கத்துவேன். அம்மா அடுப்படியில் இருந்து, "உங்களுக்கு அங்கை வோட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, என்னத்துக்கு இந்தக் கூச்சல்?" என்று கேட்பாள். நீ சின்ன வயதில், அப்பாவுக்கு இங்கிலாந்து என்றால் அவ்வளவு ஆசை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாய். அந்த ஆசையைப் பார்த்துப் பார்த்துத்தான் நீயும் லண்டனில் ஒரு கமெராக் கொம்பனியில் பயிற்சி வேலை தேடினாய் என்று போன மாதம் சொன்னாய். சனிக்கிழமை நீ ஆஹெனில் ரயில் ஏறப் போகிறாய். அதற்கு முன்னால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நீ அறிய வேண்டும்.

இன்னுமொரு அவசரமும் இருக்கிறது. போன ஞாயிறு யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி போன் எடுத்தபோது, நான் தடுப்பதற்குள் அம்மா போனை உன்னிடம் தந்துவிட்டாள். மாமி என்றால் லண்டன் மாமாவின் தாய் என்பது உனக்குத் தெரியும். கண் மங்கிப்போன, எண்பது கடந்த மனுசி. அவர் உன்னிடம் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்ன மறுமொழி கேட்டது. "ஓம் அம்மம்மா, கட்டாயம். போன உடனை அவரைத் தேடிப் பிடிச்சு, பக்கத்திலை நிண்டு போட்டோ எடுத்து அனுப்புறன்." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பிச் சிரித்தாய். "அப்பா, எங்கடை கொம்பனியின்ரை கமெரா லண்டன் முழுக்கக் கிடக்கு. முகத்தைக் குடுத்தா ஆளைக் காட்டும். மாமாவை ஒரு மணித்தியாலத்திலை பிடிச்சிடுவன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவன் பெயர் பாலன். நானும் அவனும் ஒரே ஊர், ஒரே வகுப்பு. எண்பதுகளின் நடுவில் ஒரே கிழமையில் பெர்லின் வழியாக இந்த ஜெர்மனிக்குள் வந்து, மலைக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், அகதி விண்ணப்பம் போட்டவர்களை வைத்திருக்கிற ஹைமில் ஒரே அறையில் கிடந்தோம். ஒரு அறைக்கு ஆறு பேர். வேலை செய்யத் தடை. அதைவிடப் பெரிய தடை, அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எல்லை எங்கே என்று பலகைகூட இல்லை. ஒரு பெற்றோல் நிலையம், அதற்கு அங்கால் ஒரு சோள வயல், அவ்வளவுதான். அந்த வயலைத் தாண்ட வேண்டுமென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் போய், எங்கே, எதற்கு, எத்தனை மணி வரை என்று சொல்லி அனுமதிக் கடதாசி வாங்க வேண்டும். நாங்கள் அதைத் துண்டு என்போம். துண்டு கேட்டுப் பத்துத் தரம் போனால் ஒரு தரம் கிடைக்கும். துண்டு இல்லாமல் ரயிலில் பிடிபட்டால் முதல் தரம் எச்சரிக்கை, பிறகு தண்டம், பிறகு நீதிமன்றம். ரயிலுக்குள் பொலிஸ் ஏறினால் பெட்டி முழுவதையும் தாண்டி நேரே எங்களிடம்தான் வருவார்கள்.

பாலன் இரண்டு தரம் பிடிபட்டவன். சும்மா இருக்கத் தெரியாத ஆள். இருத்தி வைத்தால் அவனுக்கு மூச்சு முட்டும். அவனுடைய தாய் முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவர். தினமும் பேப்பர் வாசிக்கிற, லண்டனில் இருந்து வருகிற வானொலிச் செய்தியைக் கேட்காமல் படுக்கப் போகாத மனுசி. அந்த வீட்டில் பிரித்தானிய அரசியல் கறிக்கு உப்புப் போல. அப்படி வளர்ந்தவனுக்கு ஹைமின் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலவில்லை. "மச்சான், லண்டனிலை ரோட்டிலை போறவனை மறிச்சு நீ ஆர், உன்ரை கடதாசி எங்கை எண்டு ஒருத்தனும் கேக்க மாட்டானாம். அப்பிடிக் கேக்கச் சட்டமே இல்லையாம். பொலிஸ்காரனிட்டைத் துவக்கும் இல்லையாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வான். எங்களைப் போன்ற கறுத்தப் பெடியங்களை அங்கேயும் மறித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவனுக்கு அது தெரியாது. தெரியாமலே போய்விட்டான்.

ஆஹெனில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வழி தெரிந்தவர், நம்பிக்கையான ஆள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆஹென் ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டால், காட்டுப் பாதையால் பெல்ஜியத்துக்குள் நடத்திக் கூட்டிப் போய், கடற்கரை வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று பாலனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பாலனுக்கு ஆஹென் வரை போகத் துண்டு இல்லை. எனக்கு இருந்தது. அதே சனிக்கிழமை ஆஹெனில் நண்பன் ஒருவனின் கல்யாணம் என்று ஒரு மாதம் நடந்து, கெஞ்சி, நான் ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தேன். ஹைம்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. துண்டில் படம் கிடையாது, பெயர் மட்டும்தான். ஒருவனுடைய துண்டில் இன்னொருவன் போய்வருவான். ஆஸ்பத்திரிக்கு, செத்த வீட்டுக்கு, பெண் பார்க்க என்று எத்தனையோ பேர் அப்படிப் போய் வந்தார்கள். நானே ஒரு தரம் வேறொருவனுடைய துண்டில் பிராங்பேர்ட் போயிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன். நான் வாங்கினவன், ஆனால் கொடுக்காதவன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கேட்டான். நான் கல்யாணத்துக்குச் சட்டை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"மச்சான், உன்ரை துண்டை எனக்குத் தாவன்."

"எனக்கு நாளைக்குக் கல்யாணம் கிடக்கு."

"கல்யாணம் இன்னும் எத்தினை வரும். எனக்கு நாளைக்கு விட்டா இல்லை. எங்கடை பேரை அவங்கள் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை ஆஹென் வந்திடும்."

"நீ பிடிபட்டா என்ரை அகதிக் கேஸ் துலைஞ்சுது. என்னையும் சேர்த்து ஊருக்கு ஏத்திப் போடுவாங்கள்."

"ஒரு துண்டு மச்சான்."

"ஏலாது எண்டா ஏலாது."

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு காலமும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சரி விடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அடுத்த ஊரில் யாரோ ஒருவன் மரக்கறி லொறியில் ஆட்களை ஒளித்துத் துறைமுகம் வரை ஏற்றுகிறானாம், அவனைப் போய்ப் பிடித்துவிட்டு வந்தான். லொறிக்குத் துண்டு தேவையில்லை. முன்பின் தெரியாத ஓட்டுநர். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்கிற தகுதியை அன்று பின்னேரமே இழந்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, முதல்நாள் மிஞ்சின பருப்பைப் பாணோடு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பினான். நான் என் கம்பளிக் கழுத்துத்துணியை எடுத்துக் கொடுத்தேன். துண்டு தராதவன் கழுத்துத்துணி தருகிறான் என்று அவன் நினைத்தானோ தெரியாது, வாங்கிச் சுற்றிக்கொண்டான். "கல்யாணத்திலை எனக்கும் சேர்த்துச் சாப்பிடு. போய்ச் சேர்ந்த உடனை போன் எடுக்கிறன்" என்றான். ஹைம் வாசலில் இருந்த, காசு போட்டுப் பேசுகிற போனின் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதியிருந்தான்.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. சட்டையைப் போட்டேன், பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன், திரும்பி வந்து சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். அந்தத் துண்டை ஒருவரும் பாவிக்கவில்லை. அது மேசையில் கிடந்தபடியே காலாவதியாகிப் போனது. எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், உனக்கு அடித்திருக்கிறேன், அம்மாவை அழவைத்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு சாட்டு இருக்கிறது. இதற்கு ஒரு சாட்டும் இல்லை.

போன் வரவில்லை. வாசல் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். வேறு யாருக்காவது இருக்கும். ஆஹென்காரரைக் கேட்டேன், லண்டனில் தெரிந்த இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவரும் அவனைக் காணவில்லை. அந்த லொறிக்காரனும் பிறகு அந்த ஊர்ப் பக்கம் தலை காட்டவில்லை. எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், கடலா, அல்லது மரக்கறிப் பெட்டிகளுக்குள் மூச்சு முட்டிப் போனானா, எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. பொலிசுக்குப் போனால் நானும் தெரிந்துகொண்டு மறைத்தவன் என்று என் கேஸ் போய்விடும் என்று பயந்தேன். பார், அப்போதும் என் கேஸ்தான். நாலு மாதம் கழித்து மாமியின் நீலக் கடிதம் வந்தது. ஒரு வரிதான். "மோனை, பாலன் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தானோ?" நான் ஒரு வாரம் அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். பிறகு எழுதினேன். சேர்ந்திட்டான் மாமி, கவலைப்படாதேங்கோ. நாளைக்கோ மறுநாளோ அவன் போன் எடுப்பான், அப்போது இந்தப் பொய் உண்மையாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

தபால் கந்தோரில் இருந்த மனுசியிடம் கடிதத்தில் பொய் சொல்வது லேசான வேலை இல்லை ராசா. மூன்றாம் கடிதத்திலேயே கேட்டுவிட்டார். "உன்ரை கடிதத்திலை ஜெர்மன் முத்திரை. எனக்கு அவன்ரை கையெழுத்திலை ஒரு லண்டன் முத்திரை வேணும். காசு கீசு ஒண்டும் வேண்டாம், எனக்குப் பென்சன் வருது." அவனுக்கு இன்னும் பத்திரம் கிடைக்கவில்லை, எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று பதில் போட்டேன். "கடதாசி கேக்காத நாட்டிலை அவன் ஏன் ஒளிக்க வேணும்?" என்று கேட்டு அடுத்த கடிதம் வந்தது. அதற்கு மறுமொழி எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அப்போதுதான் நான் இங்கிலாந்தைப் படிக்கத் தொடங்கினேன். அதற்குள் நான் எசனுக்கு மாறி வந்திருந்தேன். எசன் ரயில் நிலையத்தில் முதல்நாளைய ஆங்கிலப் பேப்பர் வாங்கி, அகராதியோடு இருந்து வாசித்தேன். மாமிக்கு அவன் சுகம் மட்டும் போதாது, அவன் என்ன நினைக்கிறான் என்றும் தெரிய வேண்டும். ஆளுக்கு ஆள் ஒரே வரி என்று அங்கே அப்போது பிரதமராக இருந்த அம்மையார் கொண்டுவந்தபோது மாமி அவர் பக்கம், "பொம்பிளை ஒருத்தி நாட்டைக் கட்டி ஆளுறாள், பெடியங்கள் பொறுக்கிறாங்களில்லை" என்று எழுதினார். நான் கடிதத்தில் பாலனை அந்த வரிக்கு எதிரான ஊர்வலத்துக்கு அனுப்பினேன். ஆட்சி மாறினபோது அவனைக் கொண்டாட வைத்தேன். ஈராக் யுத்தத்துக்கு அதே கட்சி போனபோது அவனை மனமுடைந்துபோக வைத்தேன். தாயும் மகனும் என் கையெழுத்தில் கடிதத்துக்குக் கடிதம் சண்டை பிடித்தார்கள். நீ செய்திக்கு முன்னால் இருந்து கத்துகிற ஒருவனைக் கண்டாய் அல்லவா, அது நான் மட்டுமில்லை, அவனும்தான்.

அவனுக்கு நான் ஒரு கடை வேலை கொடுத்தேன், கிழக்கு லண்டனில் ஒரு அறை கொடுத்தேன், நாற்பது வயதில் நீரிழிவு கொடுத்தேன். ஊருக்கு ஏன் வரவில்லை என்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அம்மாவைக் கல்யாணம் கட்டினபோது அவளுக்கும் இதே பொய்யைத்தான் சொன்னேன். அவள் வருடா வருடம் அவனுக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூளை, லண்டனுக்குப் போகிற ஆட்களிடம் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், பூட்டுத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த துருக்கிக்காரனுக்குக் கொடுத்தேன். அவனுடைய மனுசி அந்தத் தூள் இல்லாமல் சமைக்க மாட்டாளாம். நீ ஆறு வயதில் லண்டன் மாமாவுக்கு என்று இரண்டு அடுக்குப் பஸ் ஒன்று சிவப்பு நிறத்தில் கீறித் தந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதைப் பிறகு உன் கண்ணில் படாமல் தொழிற்சாலைப் பெட்டகத்துக்குள் ஒட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது. உன் பயணப் பெட்டியில் அம்மா இரண்டு பை தூள் வைத்திருக்கிறாள். ஒன்று உனக்கு, மற்றது அவனுக்கு.

இவ்வளவும் பொறுக்கக்கூடிய பொய். ஒரு பொய் பொறுக்க ஏலாதது. யாழ்ப்பாணத்துக்கு ஒழுங்காகப் போன் வேலை செய்யத் தொடங்கியபின் மாமி கேட்டார், "இப்ப போன் இருக்குத்தானே, ஏன் அவன் ஒரு சொல்லுக் கதைக்கிறானில்லை?" எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அவனுக்கு உங்களிலை கொஞ்சம் மனவருத்தம் மாமி, வெளிநாட்டுக்குப் போக விருப்பமில்லாத தன்னை நீங்கள்தான் வில்லங்கத்துக்கு அனுப்பினீங்கள் எண்டு" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். மாமி, "ஆமி சுத்திவளைச்சுப் பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போன காலம் மோனை. நான் வேறை என்ன செய்யிறது? அவனிட்டைச் சொல்லு, நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லு" என்றார். அன்றில் இருந்து ஒவ்வொரு போனிலும் அதைக் கேட்பார். "சொன்னனியோ? என்ன சொன்னவன்?" நான், "கொஞ்சம் கொஞ்சமா மாறுறான் மாமி" என்பேன். ஒரு தாயை எட்டு வருடம் தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவன் உன் அப்பன்.

அவன் என்னை விட்டுப் போகவில்லை. எசன் ரயில் நிலையத்தில் ஆட்கள் இறங்கும்போது அந்தக் கழுத்துத்துணியைத் தேடுவேன். இருபத்திரண்டு வருடத்துக் கம்பளி எப்போதோ உக்கியிருக்கும், தெரியும், இருந்தும் தேடுவேன். சில நாள் பூட்டுக்குத் திருகாணி போட்டுக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நின்று வாதாடுகிறான். அவனுக்கு இப்போது நரைத்துவிட்டது. நான்தான் நரைக்க வைத்தேன். எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போட் கிடைத்த வருடம், தெரிந்த குடும்பமெல்லாம் லண்டன் பார்க்கப் போனபோது, அம்மா கெஞ்சிக் கேட்டும் நான் முதுகு நோ என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இப்போது நீ, "ஒரு கிழமை என்னோடை வாங்கோவன் அப்பா" என்று கேட்டதற்கும் அதே முதுகைத்தான் சொன்னேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை. அங்கே போய் இறங்கினால் அவன் இல்லாத லண்டனைக் காண வேண்டி வரும்.

அடையாள அட்டை, அந்த அவுஸ்வைஸ் பற்றி நாங்கள் சண்டை பிடித்தது நினைவிருக்கும். இங்கிலாந்தில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொண்டுவரப் போகிறார்கள், குற்றம் சாட்டாமலே ஒருவனை நாற்பத்திரண்டு நாள் அடைத்து வைக்கச் சட்டம் போடப் போகிறார்கள் என்று நான் துள்ளினேன். இதை எதிர்த்து ஒரு எம்.பி. தன் பதவியை எறிந்துவிட்டு அதே தொகுதியில் திரும்பவும் நின்றாரே, அவர் கட்சி எனக்குப் பிடிக்காது, ஆனால் அன்றைக்குப் பாலன் அவருக்காகக் கை தட்டினான் என்று மாமிக்குச் சொன்னேன். நீ தோளைக் குலுக்கினாய். "குவாற்ச் அப்பா, விசர்க் கதை. ஜெர்மனியிலை எல்லாரிட்டையும் அட்டை இருக்கு. மறைக்க ஒண்டும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" எனக்கு அப்போது உன்னை அடிக்கக் கை எழுந்தது. உன்னில் பிழை இல்லை. நீ இந்த நாட்டில் பிறந்தவன், ஒரு நாளும் உன்னை ரயிலில் எழுப்பி நிறுத்திக் கேட்டதில்லை. மறைக்க எங்களிடமும் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக இருந்தது, ஒரு கடலைத் தாண்ட இருந்தது. கேட்கிறவன் கையில்தான் எல்லாம் கிடந்தது. அந்தப் பயம் எனக்குள் எவ்வளவு ஊறியிருந்ததென்றால், கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனுக்கு ஒரு கடதாசியைக் கொடுக்க என் கை நீளவில்லை. மனிதனை மறித்து மறித்துக் கேட்டால் அவன் கோழையாகிப் போவான். அதற்கு நான் சாட்சி.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீ அங்கே போனால், இங்கேபோலக் குடிவந்த கிழமையே கந்தோரில் போய்ப் பதிய வேண்டும் என்று ஒன்றும் இல்லை. யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். அவனும் அதற்காகத்தான் ஆசைப்பட்டான். அப்படிப்பட்ட நாட்டுக்குப் போகிற வழியில் ஒருவன் தொலைந்தால், வந்து சேரவில்லையே என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் இருக்கிறேன், அவன் ஒரு இடத்திலும் இல்லை. இந்தக் கணக்கை நான் எத்தனையோ வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன், சரி வரவில்லை. உன் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உன் கமெரா ஒருவனை மறித்துக் காட்டும்போது, அவன் எங்கே போக வெளிக்கிட்டவன் என்றும் ஒருக்கா யோசி. உன்னையும் அங்கே மறிப்பார்கள், லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த காலத்துக்குப் பிறகு முதுகில் பையோடு போகிற மண்ணிறப் பெடியன் என்றால் மறிக்கத்தான் செய்வார்கள். குரலை உயர்த்தாதே. என்ன காரணம் என்று கேள். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. உன்னிடம் யாராவது ஒரு துண்டு கேட்டு வந்தால், கொடுக்க வேண்டுமா இல்லையா என்று யோசிக்கிற நேரத்தில் உன் அப்பனை நினைத்துக்கொள்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன். நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எழும்பிப் போய் உன் பெட்டியைத் திறந்து ஒரு பைத் தூளை வெளியே எடுத்து வைத்தாள். பிறகு, "அந்த மனுசியிட்டை நீங்கள் சொல்லாமல் இந்த வீட்டிலை இனி நான் சமைக்க மாட்டன்" என்றாள். இன்று மத்தியானம், அங்கே பொழுது படுகிற நேரம், போன் எடுத்தேன்.

மாமி நல்ல மனநிலையில் இருந்தார். கண் சத்திர சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக ஆமியிடம் பாஸ் கேட்டு எழுதிப்போட்டு ஒரு மாதமாம். "இஞ்சையும் இப்ப துண்டு எடுக்க வேணும் மோனை, உங்கடை ஜெர்மனி மாதிரித்தான்" என்று சிரித்தார். "உன்ரை மகன் சனிக்கிழமை போறானெல்லே? போட்டோ வந்தா ஆரையாவது கொண்டு சொல்லிக் கேப்பன், எப்பிடி இருக்கிறான் எண்டு."

நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். துண்டு, லொறி, முதல் கடிதம், ஊர்வலம், நீரிழிவு, எல்லாம். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து, "மாமி, இருக்கிறீங்களோ?" என்றேன்.

"இருக்கிறன்."

பிறகு கேட்டார்.

"அப்ப அவனுக்கு என்னிலை கோவம் இல்லையோ?"

"இல்லை மாமி. ஒரு நாளும் இல்லை. அது நான் சொன்ன பொய்."

"ஒரு நாளும் இல்லையோ?"

"இல்லை மாமி. உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கிறவன்."

அந்த மனுசி அழுதார். நானும் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "உன்னோடை இப்ப எனக்குக் கதைக்க ஏலாது. ஒண்டு மட்டும் சொல்லு" என்றார். "நீ அவனைக் கடைசியாக் கண்டது என்ன திகதி? நேரமும் வேணும். இருபத்திரண்டு வருசமா என்ரை பிள்ளைக்கு ஒரு திவசம் இல்லை. ஐயரிட்டைக் குடுத்துத் திதி பார்க்க வேணும்."

திகதி எனக்கு மறந்துபோயிருந்தது. சனிக்கிழமை, குளிர், பருப்பு, அவ்வளவுதான் மனதில் நின்றது. ஆனால் துண்டில் இருந்தது. அதை நான் எறியவில்லை. நீ கிளறின கோப்புகளில் ஒன்றில், என் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குப் பின்னால் கிடந்தது. நீ அதைப் புரட்டிக்கொண்டு போயிருப்பாய், அதில் என் பெயர்தானே இருக்கிறது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்து வாசித்தேன். பொறு, பேனை எடுக்கிறேன் என்றார். இரண்டாம் தரம் மெல்ல வாசித்தேன். காலமை ஏழு மணி என்றேன். அவர் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி எழுதினார், கண் மங்கினாலும் தந்தி வாங்கி எழுதின கை அல்லவா.

"வெளிக்கிடேக்கை சாப்பிட்டவனோ?"

"ஓம் மாமி. பாணும் பருப்பும்."

"ம்." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "உன்ரை மகனுக்குச் சொல்லு, அவனைத் தேட வேண்டாம் எண்டு. ஆனா போட்டோ எடுத்து அனுப்புறன் எண்டு எனக்குச் சொன்னவன். சொன்னதைச் செய்யட்டும். அவன் தாண்டப் போன அந்தக் கடலை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு. லண்டன் முத்திரை ஒட்டி."

ராசா, உன் ரயில் கடலுக்கு அடியால் போகிறது. அதில் இருந்தால் ஜன்னலில் இருட்டுத்தான் தெரியும். ரிக்கற்றை மாற்று. பெல்ஜியத்தால் கரை வரைக்கும் போய் அங்கே கப்பல் ஏறுவோம், பகல் கப்பல். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எசனில் வெளிக்கிட்டு ஆஹெனுக்கு வருகிறேன், நிலையத்தில் நில். பாஸ்போட்டோடு அந்தத் துண்டும் என் சட்டைப்பையில் இருக்கும்.

அப்பா